பெரிய சக்கர வண்டி

அத்தியாயம் 9

சென்ற வாரம் ஞானமேரியைக் கண்ணாடி அலமாரிக்கு முன்னால், பிரான்சிலிருந்து வந்த கடிதமும் கையுமாக நிற்க வைத்துவிட்டு வந்துவிட்டோம். பாவம், அதற்குப் பிறகு அவள் ஓரிடத்தில் உட்காரவே இல்லை.

கடிதத்தில் இருந்தது நாலே வரி. மொசியே லெமேர் எழுதியிருந்தார். 'என் மருமகன் மதராசில் இறங்குகிறான். வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டுக்கு வருவான். நான் விட்டுப் போன கிரான் பி-யை அவனிடம் கொடுத்தனுப்புங்கள். உங்களைத் தவிர வேறு யாரையும் நம்பி அதை நான் விட்டிருக்க மாட்டேன்.'

கிரான் பி என்றால் வேறொன்றுமில்லை, பெரிய சக்கர வண்டி. நம் பாட்டன் காலத்தில் வெள்ளைக்காரர்கள் ஓட்டினார்களே, முன்னால் நெஞ்சு உயரத்துக்கு ஒரு சக்கரம், பின்னால் தட்டு மாதிரி ஒரு சின்னச் சக்கரம், அந்த சைக்கிள். அதைப் பத்தில் ஒரு பங்காகக் குறுக்கிச் செய்த குட்டி வண்டிதான் அந்த அலமாரியில் இருக்க வேண்டும்.

அது அங்கே இல்லை. முற்றத்துச் சுவருக்கு அந்தப் பக்கம், கொழுந்தன் அந்தோணியின் வீட்டில், காய்ச்சலில் கிடந்த ஆறு வயது ரோசாவின் கையில் இருந்தது. கொடுத்தவள் ஞானமேரியேதான். திரும்ப வாங்கி வந்துவிடலாம் என்று சுவரிலிருந்த சின்னக் கதவு வரை போனவள், உள்ளேயிருந்து வந்த ஓலத்தைக் கேட்டு நின்றுவிட்டாள். புதன்கிழமை, பகல் பன்னிரண்டு மணி. ரோசா போய்விட்டாள்.

இன்று வியாழன். நாலு மணிக்கு அடக்கம். காரைக்காலுக்கு வேலையாகப் போயிருந்த அல்போன்சுக்குத் தந்தி போயிருக்கிறது.

அல்போன்சைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மராமத்து ஆபீசில் படம் வரைகிறவர். வெள்ளைக்காரன் இருந்தவரை அந்த வேலைக்குத் 'தெசினத்தேர்' என்று பெயர்; இப்போது டிராப்ட்ஸ்மேன். பெயர் மாறியதே தவிர பென்சில் மாறவில்லை. வயது நாற்பத்தெட்டு. குடி கிடையாது, சீட்டு கிடையாது. இருக்கிற ஒரே பைத்தியம் சைக்கிள். நிஜ சைக்கிள் இல்லை, அதில் ஏறினால் மனிதருக்குத் தலை சுற்றும். ஆணி, ஆரக்கால், தோல் இருக்கை என்று ஒன்று விடாமல் குட்டியாகச் செய்த பழங்காலத்து சைக்கிள் மாதிரிகள். 'பொம்மை' என்று அவர் காதில் விழச் சொல்லிவிடக்கூடாது.

பதினாறு சேர்த்திருந்தார். ஊரைவிட்டுக் கிளம்பிய பிரெஞ்சுக் குடும்பங்களிடம் வாங்கியவை சில. மார்செய்யிலிருந்து மரத்தூளில் புதைந்து கப்பலில் வந்தவை சில. எது வந்தாலும் அளவுகோலும் பூதக்கண்ணாடியுமாக உட்கார்ந்துவிடுவார். நிஜ வண்டியின் பெடல் இத்தனை என்றால் இது பத்தில் ஒரு பங்கு இருக்கிறதா? அரை மில்லிமீட்டர் கூடுதல் என்று ஒரு வண்டியை லியோனுக்கே திருப்பி அனுப்பியவர் அவர். தேறியதுதான் அலமாரிக்குள் போகும், அதுவும் வருஷ வரிசைப்படி.

பிள்ளை இல்லாத வீடு. "பிள்ளையில்லா வீட்டில் கிழவன் துள்ளி விளையாடினானாம்" என்று வீதிப் பெண்கள் சிரிப்பார்கள். ஞானமேரியும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். வீட்டுக்குள் வந்து அழுவாள்.

ஒரு வருஷம் கிறிஸ்துமசுக்கு முன்னால் பித்தளை மெழுகுத் தண்டுகளையெல்லாம் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தவள், அதே கையோடு அலமாரியிலிருந்த ஒரு பித்தளை வண்டியையும் எடுத்துத் தேய்த்துவிட்டாள். செய்தவன் பார்த்துப் பார்த்து ஏற்றியிருந்த பழுப்பெல்லாம் போய், அது கடைச் சொம்பு போலப் பளபளத்தது. அல்போன்ஸ் திட்டவில்லை. கையை ஓங்கவில்லை. பதினோரு நாள் பேசவில்லை, அவ்வளவுதான். அந்தப் பதினோரு நாளை அவள் இன்னும் மறக்கவில்லை.

அதுவாவது அவருடைய சொந்த வண்டி. கிரான் பி அப்படி இல்லை. ஐம்பத்து நாலில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியபோது ஊருக்குக் கிளம்பிய லெமேர், ஆரக்கால் தலைமுடி கனம்கூட இல்லை, கப்பல் பெட்டியில் உயிரோடு போய்ச் சேராது என்று அதை மட்டும் அல்போன்சிடம் விட்டுவிட்டுப் போனார். "இது அடைக்கலம், மேரி. நம்ம வூட்ட வித்தாலும் விக்கலாம், இதத் தொடக்கூடாது" என்று அன்றைக்கே அல்போன்ஸ் சொல்லி வைத்தார்.

கொடி மாறிய அதே வாரம்தான் இந்த வீட்டுக்கு நடுவில் சுவரும் வந்தது. தம்பி அந்தோணி மொட்டைமாடியில் புதுக் கொடியை ஏற்றினான். அண்ணன் ஏறிப்போய் இறக்கினார். அப்புறம் வாய் வார்த்தை, அப்புறம் செங்கல். மூன்று வருஷமாக அண்ணனும் தம்பியும் பேச்சு இல்லை. சுவரில் விட்ட சின்னக் கதவு வழியாகத் தினம் போக வர இருந்தது ஒரே ஒரு ஜீவன், ரோசா. அதற்குக் கொடியும் தெரியாது, கட்சியும் தெரியாது. பெரியம்மா வீட்டு அலமாரிக் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்கத்தான் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரோசா மருந்தைத் துப்பிவிட்டு, "அந்தப் பெரிய சக்கரம் வந்தாத்தான் குடிப்பேன்" என்றாள். நெற்றியில் கை வைக்க முடியாத சூடு. ஞானமேரி யோசிக்கவே இல்லை. எடுத்து வந்து கையில் கொடுத்தாள். காலையில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். திங்கள் விடியுமுன் காரைக்கால் பஸ்ஸுக்குக் கிளம்பும் அல்போன்ஸ் பார்த்துவிடக்கூடாதே என்று அலமாரியின் துணித்திரையை இழுத்து விட்டாள். அவரும் பேசாமல் பையை எடுத்துக்கொண்டு போனார். தப்பித்தோம் என்று மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றினாள்.

புதன் பகலில், உயிர் போன பிறகும் குழந்தை அதை விடவில்லை. தாய்க்காரி செலின், அழக்கூடத் தெம்பில்லாமல் ஓரகத்தியை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

"அக்கா, கையில இருக்கற வண்டிய எடுக்க மனசு வரல. அப்படியே பெட்டியில வச்சிடட்டுமா?"

"வையிடி" என்றாள் ஞானமேரி.

அந்த நேரத்தில் வேறு என்ன சொல்ல முடியும்? கடிதம் அப்போது அவள் முந்தானையில்தான் முடிந்திருந்தது.

*

அந்தோணி வீட்டுக் கூடத்தில், வெள்ளைத் துணி உள்வைத்த சின்னப் பெட்டியில் ரோசா கிடந்தாள். தலையில் பூமுடி. முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு என்று எடுத்து வைத்திருந்த வெள்ளைக் கவுன் கொஞ்சம் பெரிதாக இருந்தது. வலது கை நெஞ்சின் மேல் இருந்தது. அந்தக் கை, வண்டியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தது.

ஏழு வயதுக்குள் போகிற பிள்ளை சம்மனசு, வானதூதன் கணக்கு. அதற்குத் துக்க மணி கிடையாது, கறுப்பு உடுப்பு கிடையாது. சாமியார் வெள்ளை போட்டுக்கொண்டு வருவார், சம்பா கோயில் மணி திருநாளுக்கு அடிப்பது போல அடிக்கும். வந்திருந்த பெரிய மனுஷிகளெல்லாம் செலினுக்கு அதையேதான் ஓதிக்கொண்டிருந்தார்கள்.

"அழாத செலின். சம்மனசுக்கு அழக்கூடாது. நேரா மோட்சம் போயிடுச்சு, உனக்கு அங்க ஒரு ஆளு இருக்கு."

செலின் அழவில்லை. உதட்டைக் கடித்துக் கடித்து அது வீங்கியிருந்தது. இப்படி ஒரு சட்டம் போட்டவருக்குப் பிள்ளை இருந்திருக்காது என்று ஞானமேரிக்குத் தோன்றியது. தோன்றியதற்காக உடனே சிலுவை போட்டுக்கொண்டாள்.

மணி இரண்டு. பூக்கூடையோடு பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். வாடிய பூவை எடுத்துவிட்டுப் புதுப் பூ வைக்கிற வேலை அவளுடையது. கை பூவைத் தொட்டது, கண் வண்டியை விட்டு அகலவில்லை. நாளைக்கு வெள்ளைக்காரன் வந்து வாசலில் நிற்பான். அல்போன்ஸ் துணித்திரையை விலக்குவார். காலி இடம். வந்தவனுக்கு முன்னால் அவர் முகம் எப்படிப் போகும்? 'அடைக்கலம், மேரி.' அப்புறம் பதினோரு நாள் போதுமா? ஆயுசுக்கும் பேசமாட்டார்.

எடுத்துவிடலாமா என்று நினைத்தாள். நினைத்ததற்கே உடம்பு கூசியது.

அப்போதுதான் அங்கம்மாள் வந்தாள். பிள்ளைச்சாவடியிலிருந்து மீன் கொண்டு வருகிறவள். பத்து வருஷமாக இரண்டு வீட்டுக்கும் அவள்தான் மீன். சேதி கேட்டுக் கூடையை எங்கேயோ போட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள். வாசற்படியில் கால் வைத்ததும் தலையில் அடித்துக்கொண்டு குரலெடுத்தாள்.

"எங்கண்ணே! நெத்திலி எங்க, நெத்திலி எங்கன்னு ஓடியாருவியே! இன்னிக்கு யாரும்மா என் கூடையில கைய வுடுவாங்க!"

"ஷ்! அழாத அங்கம்மா. இது சம்மனசு. அழக்கூடாது" என்று ஒரு மனுஷி அதட்டினாள்.

அங்கம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

"உங்க சாமியா சொல்லிச்சு? பெத்தவ வயிறு எரிஞ்சிகினு கீறா, அழாதன்னா? நீ வாம்மா செலினு, எங்கூட வந்து அழு!"

அவ்வளவுதான். ஒரு நாள் முழுக்க அடைத்து வைத்திருந்தது உடைந்தது. செலின் போட்ட அலறலில் கூடமே எழுந்துவிட்டது. மீன்காரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவள் மூச்சடைத்துச் சரிய, "தண்ணி, தண்ணி", "காத்து விடுங்க" என்று நாலு பேர் தூக்கி முற்றத்துக்குக் கொண்டுபோனார்கள். மற்றவர்கள் பின்னாலேயே ஓடினார்கள்.

கூடத்தில் ஞானமேரியும் ரோசாவும் மட்டும் இருந்தார்கள்.

அவள் கை தானாகப் போனது. குழந்தையின் விரல்கள் விறைத்திருந்தன. முதல் விரல், இரண்டாவது விரல். "குடுத்துடுடி கண்ணு. பெரியப்பாவுக்கு வேணுமாம். குடுத்துடு" என்று வாய் முணுமுணுத்தது. மூன்றாவது விரல் விடவில்லை. கொஞ்சம் அழுத்த வேண்டியிருந்தது. அந்த அழுத்தம் தன் சாகும் நாள் வரை தன் கட்டைவிரலில் இருக்கும் என்று அவளுக்கு அப்போதே தெரிந்தது.

வண்டி கூடையின் அடியில், வாடிய பூக்களுக்குக் கீழே போனது. காலிக் கையின் மேல் வெள்ளை ரோஜாச் சரம் ஒன்றை இரண்டு சுற்றாகச் சுற்றி வைத்தாள். பார்ப்பவர்களுக்கு, வண்டி பூவுக்கு அடியில் இருப்பதாகத்தான் தோன்றும்.

*

மூன்றரைக்கு அல்போன்ஸ் வந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே தம்பி வீட்டு வாசலுக்கு. மேலெல்லாம் புழுதி. மூன்று வருஷமாக மிதிக்காத படியில் ஒரு நிமிஷம் நின்றார்.

அந்தோணி எழுந்து வந்தான்.

"வாண்ணே" என்றான். அல்போன்ஸ் அவன் தோளைப் பிடித்தார். இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். கொடிச் சண்டையெல்லாம் எங்கே போயிற்றோ. இந்த ஒரு நிமிஷத்துக்கு ஒரு குழந்தையையா விலை கொடுக்க வேண்டும் என்று பார்த்தவர்கள் எல்லோருக்கும் தோன்றியது.

பிறகு அவர் பெட்டி அருகில் வந்தார். குனிந்தார். முகத்தைப் பார்த்தார், பூமுடியைப் பார்த்தார், நெஞ்சின் மேலிருந்த கையைப் பார்த்தார். கண் அங்கேயே நின்றுவிட்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். தேடுகிறார், தெரிந்துவிட்டது என்று ஞானமேரி பூக்கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அல்போன்ஸ் இரண்டு விரலால் ரோஜாச் சரத்தை மெல்ல விலக்கப் போனார்.

"பூவக் கலைக்காதீங்க!" என்றாள் ஞானமேரி. சத்தமாகவே சொல்லிவிட்டாள். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். "இல்ல... இல்ல, கலைக்கல" என்றார் தணிந்த குரலில். குழந்தையின் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு விலகி நின்றார்.

சாமியார் வந்தார். வெள்ளை உடுத்திய சிறுமிகள் பூத்தட்டோடு வரிசையில் நின்றார்கள். மூடியை வைத்து ஆணி அடிக்கும்போது ஞானமேரி ஒவ்வொரு அடியையும் எண்ணினாள். எட்டு. ஊர்வலம் உப்பளம் கல்லறைத் தோட்டத்துக்குக் கிளம்பியது. சம்பா கோயில் மணி திருநாள் மணி அடித்தது.

ஆண்கள் போன பிறகு செலின் சுவரில் சாய்ந்தபடி ஞானமேரியின் கையைத் தேடிப் பிடித்தாள்.

"அக்கா, நீங்க பெரிய மனசு பண்ணீங்க. மாமாவுக்கு அது எவ்வளோ பெரிசுன்னு எனக்குத் தெரியாதா? குடுத்துட்டீங்களே."

"அதெல்லாம் பேசாதடி."

"ராத்திரில பயப்படுவா அக்கா. இருட்டுன்னா ஆகாது அவளுக்கு. கையில எதனா புடிச்சிகினாத்தான் தூங்குவா. இப்ப புடிச்சிகினுதானே இருக்கா? அது ஒண்ணத்தான் நெனச்சிகினு இருக்கேன்."

ஞானமேரி வாயைத் திறந்தாள். இப்போது சொல்லலாம். மணி இன்னும் ஓயவில்லை, ஊர்வலம் வாய்க்காலைக்கூடத் தாண்டியிருக்காது. கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினால் பிடித்துவிடலாம். ஓடிப்போய் அத்தனை ஆண்களுக்கும் சாமியாருக்கும் முன்னால் என்னவென்று சொல்வது? செத்த பிள்ளை கையிலிருந்து நான் பிடுங்கினேன் என்றா?

"புடிச்சிகினுதாண்டி இருக்கா" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் மணி ஓய்ந்தது.

*

சின்னக் கதவு வழியாகத் தன் வீட்டுக்கு வந்தாள். கதவைத் தாழிட்டாள். கூடையைக் கவிழ்த்து, பெரிய சக்கர வண்டியை எடுத்தாள். ஆரக்கால்களுக்கு இடையில் சிக்கியிருந்த சம்பங்கி இதழ்களை ஊசியால் ஒவ்வொன்றாக எடுத்தாள். ஒரு ஆரக்கால்கூட வளையவில்லை. அத்தனை காய்ச்சலிலும் பிள்ளை அதைப் பதமாகத்தான் வைத்திருந்தது. சக்கரம் லேசாகத் தொட்டாலே சுற்றியது. அதை அதன் இடத்தில் வைத்து, பெயர்ச்சீட்டை நேராக்கி, அலமாரியைப் பூட்டித் துணித்திரையை இழுத்துவிட்டாள்.

நாளைக்கு அவர் தலை குனிய வேண்டியதில்லை. அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள். சொல்லச் சொல்ல ஆறவில்லை.

ஆறு மணிக்கு அல்போன்ஸ் கல்லறையிலிருந்து திரும்பினார். கிணற்றடியில் குளித்து, வேறு வேட்டி கட்டிக்கொண்டு உள்ளே வந்தார். அலமாரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் கொடுத்த காப்பியை வாங்கிக் கீழே வைத்தார்.

"செவ்வாக்கிழம கடுதாசி வந்துது" என்று ஆரம்பித்தாள் அவள். "மொசியே லெமேரோட மருமகன் நாளைக்கு..."

"வரட்டும்" என்றார் அல்போன்ஸ்.

அவள் நிமிர்ந்தாள்.

"நானும் அவருக்குக் கடுதாசி போட்டுட்டேன் மேரி. காரைக்கால்லேர்ந்து, திங்கக்கெழமையே. ஒடஞ்சிபோச்சு, தொலஞ்சிபோச்சுன்னு பொய் எழுதல. ஒரு கொழந்த கேட்டுது, குடுத்துட்டேன்னு எழுதனேன். மன்னிச்சா மன்னிக்கட்டும். இல்லன்னா போவட்டும்."

ஞானமேரி அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க... உங்களுக்கு எப்படி..."

"முப்பது வருஷமா நான் வூட்டவுட்டுக் கெளம்பறப்ப அலமாரியப் பார்க்காமக் கெளம்பினது உண்டா? திரைய இழுத்துவுட்டா எனக்குத் தெரியாதா?" அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "எடம் காலியா இருந்துது. யாருக்குப் போயிருக்கும்னு ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிட்டுது. கோவந்தான் வந்துது. பொய் சொல்லல. வாங்கிக்கினு வந்துடலாம்னுதான் அந்தப் பக்கத்து ஜன்னலுக்குப் போனேன்."

"ரோசாவப் பாத்தீங்களா?"

"முழிச்சிக்கினு இருந்தா. செலின் கீழ படுத்து அசந்துட்டா. என்னப் பாத்ததும் வண்டிய போர்வைக்குள்ள மறச்சா. எடுறின்னேன். எடுத்தா. ஆரக்காலத் தொடவே இல்ல மேரி. கைப்பிடியிலதான் புடிச்சிருந்தா, நான் புடிக்கற மாதிரியே. அத்தன நாளும் கண்ணாடிக்கு வெளிய நின்னு அதத்தான் பாத்திருக்கா." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இது உனக்குத்தான், பத்தரமா வச்சிக்கன்னு சொல்லிட்டேன். பெரியம்மாகிட்ட சொல்லாத, நான் வந்து சொல்றேன்னேன். நீ பயந்துகினு இருப்பன்னு தெரியும். எழுப்பிச் சொல்லியிருக்கலாம். பஸ்ஸுக்கு நேரமாச்சு. அதுவும் இல்ல... விட்டுக்குடுத்தேன்னு சொல்ல எனக்கு வெக்கமா இருந்துது."

ஞானமேரி அலமாரியில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். உட்காரக்கூட முடியவில்லை. இந்த மனிதரோடு இருபத்தாறு வருஷம் குடித்தனம் செய்தும், இவர் ஒரு பதினோரு நாள் பேசாமல் இருந்ததை மட்டும் வைத்து முழு ஆளையும் அளந்துவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டாள். அந்தச் சின்ன விரல்களை நிமிர்த்தியது யாருக்காக? யாரும் கேட்காத ஒன்றுக்காக.

"பெட்டியில பூவுக்கு அடியில இருந்துதா, பாக்க முடியல" என்றார் அல்போன்ஸ். "கடைசியா ஒரு தடவ பாக்கணும்னு இருந்துது. நீ சொன்னது நல்லதுதான். கலைச்சிருக்கக் கூடாது. அந்த எடம் காலியாவே இருக்கட்டும் மேரி. வேற எதையும் அங்க வைக்காத."

"என்னங்க..." என்றாள். அடுத்த வார்த்தை வருவதற்குள் சின்னக் கதவு தட்டப்பட்டது.

அல்போன்ஸ்தான் எழுந்துபோய்த் திறந்தார். செலின் நின்றிருந்தாள். கூந்தல் அவிழ்ந்து கிடந்தது. பின்னால் அந்தோணி, அவள் விழுந்துவிடாமல் முழங்கையைப் பிடித்தபடி நின்றான்.

"மன்னிச்சிக்கண்ணே. சொன்னாக் கேக்கல" என்றான். "அலமாரியப் பாக்கணுமாம்."

"மாமா, ஒரே ஒரு தடவ" என்றாள் செலின். "தெனம் வந்து வந்து பாப்பாளே. வூட்டுக்கு வந்து எனக்குப் பாடம் மாதிரி ஒப்பிப்பா. நான் காதுல வாங்கவே இல்ல. அவ பாத்தத நானும் பாக்கணும்."

"வாம்மா" என்றார் அல்போன்ஸ். "வந்து பாரு. உனக்கு இல்லாததா."

"இப்ப வேணாம். விடிஞ்சி பாக்கலாம் செலின். நீ படுக்கணும். இருட்டிடுச்சு" என்றாள் ஞானமேரி. யாருக்கும் அது காதில் ஏறவில்லை. அல்போன்ஸ் அவள் தோளைத் தொட்டு மெதுவாக நகர்த்தினார். மின்விளக்கைப் போட்டார். துணித்திரையை ஒரே இழுப்பாக இழுத்தார். அலமாரியைப் பார்க்காமல், தம்பி மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

செலின் கண்ணாடியருகில் போனாள். மகளைப் போலவே மூக்கு கண்ணாடியில் படும்படி நின்று, விரலை வைத்தாள்.

"ஒண்ணு. பெடலு இல்லாத மர வண்டி, கால்ல உந்தித் தள்ளணும். ரெண்டு. முன் சக்கரத்துல பெடலு. மூணு. அதே மாதிரி, இரும்புல." ஒவ்வொன்றுக்கும் ரோசா என்ன சொல்வாளோ அதையே அவள் சொன்னாள். அந்தோணி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். "நாலு. பொம்பளைங்க ஓட்டற மூணு சக்கரம். அஞ்சு. அஞ்சு இங்க இருக்காது, அது அவகிட்ட..."

விரல் நின்றது.

அல்போன்ஸ் அப்போதுதான் திரும்பினார். கண்ணாடிக்குப் பின்னால், தன் இடத்தில், தன் பெயர்ச்சீட்டுக்கு மேலே பெரிய சக்கர வண்டி நின்றுகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். ஞானமேரிக்கு அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருக்க முடியும்.

செலின் அலறவில்லை. கண்ணாடியிலிருந்து விரலை எடுக்காமல், தூக்கத்தில் பேசுகிறவள் போல மெதுவாகத்தான் கேட்டாள்.

"அக்கா, அப்ப எம் பொண்ணு கையில என்னா இருக்கு?"